மூன்று சக்கரத்தில் சேதுக்கரைப் பயணம்: சைடுகாரா, சைடு வீலா, இறக்குமதி டிரைக்கா?

மூன்று சக்கர டூரிங் வண்டி வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இஞ்சினில் தொடங்குகிறார்கள்: எத்தனை சிசி, எவ்வளவு பவர், எவ்வளவு வேகம். ராமநாதபுரம் கரையில் ஓட்ட வாங்குகிறவர் அந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். தொண்டி முதல் சாயல்குடி வரையும், உச்சிப்புளி தாண்டி அரிச்சல்முனை வரையும் வண்டியைப் பாடாய்ப் படுத்துவது காற்றும் உப்பும் மணலும். அதற்கடுத்து, ஒரு கேபிள் அறுந்தால் மெக்கானிக் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார் என்பது. இந்த நாலையும் எடை போட்டால், விளம்பரத்தில் முதலிடத்தில் நிற்கும் வண்டி இங்கே கடைசிக்குப் போய்விடுகிறது.

நிஜமாக யோசிக்கத்தக்க வழிகள் மூன்று. 350 சிசி பைக்கில் சைடுகார், அதாவது ஒரு சக்கரமுள்ள பக்கவாட்டு இருக்கைப் பெட்டி, மாட்டுவது ஒன்று. ஸ்கூட்டரின் பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் பொருத்திய சைடு வீல் வண்டி இன்னொன்று (எண்ணினால் நாலு சக்கரம், ஆனாலும் இதையும் இங்கே சேர்த்தே பார்ப்போம்). கேன்-ஆம் ஸ்பைடர், ஹார்லி டிரை கிளைட் போல கம்பெனியிலேயே மூன்று சக்கரமாகச் செய்துவரும் இறக்குமதி டிரைக் மூன்றாவது. நாலாவதாக ஒன்றை லேத் பட்டறைகளில் சொல்வார்கள்: பைக்கின் பின்பகுதியை வெட்டி, ஆட்டோ ஆக்சிலை வைத்து டிரைக் ஆக்குவது. அது வேண்டாம் என்பதற்குக் காரணம் சட்டத்தில் இருக்கிறது. அதை முதலில் முடித்துவிடுவோம்.

ஆர்சி புத்தகம் என்ன சொல்லும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்பாகவே உறுதி செய்தது. சேஸிஸை வெட்டி ஒட்டிய டிரைக்குக்கு ஆர்சி நிற்காது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது அந்த வெட்டைப் பற்றித்தான். பட்டறைக்காரர் என்ன உத்தரவாதம் சொன்னாலும் இது மாறாது.

சைடுகாரின் நிலை வேறு. அதே சட்டத்தின் 2(27)-ம் பிரிவு, மோட்டார் சைக்கிள் என்பதற்கு விளக்கம் சொல்லும்போதே, கழற்றக்கூடிய, கூடுதலாக ஒரு சக்கரம் உள்ள சைடுகாரையும் அதில் சேர்த்துக்கொள்கிறது. அதனால் சைடுகார் மாட்டிய பைக் சட்டப்படி மோட்டார் சைக்கிள்தான். கியர் வண்டி லைசென்ஸ் போதும். இதில் ‘கழற்றக்கூடிய’ என்பதைக் கவனியுங்கள். ஃபிரேமில் வெல்டிங் வைத்து மாட்டினால் அந்த விளக்கத்துக்கு வெளியே போய்விடுவீர்கள். போல்ட்டிலும் கிளாம்ப்பிலும் நிற்க வேண்டும். மாட்டுவதற்கு முன்பே ராமநாதபுரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிட்டால் டிஎன் 65 ஆர்சி பற்றிப் பிறகு கவலை வராது.

சைடு வீல் வண்டி மாற்றுத்திறனாளிகளுக்கானது. சட்டம் அவர்களுக்கென்று மாற்றியமைத்த வாகனத்தைத் தனி வகையாகவே அங்கீகரிக்கிறது. லைசென்ஸிலும் அது தனியாகப் பதிவாகும். ஆனால் அந்த வண்டி அவருக்காக மட்டுமே ஓட வேண்டும். முழங்கால் வலி இருக்கிறது, பேலன்ஸ் பயமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அப்பாவின் ஸ்கூட்டருக்குச் சைடு வீல் போடுவது இந்த வகையில் சேராது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை உள்ளவர்கள் பணம் போடுவதற்கு முன் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரைத் தமிழக அரசு தகுதியுள்ளவர்களுக்கு இலவசமாகவே தருகிறது.

பாலத்தில் காற்று எந்தப் பக்கம்

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் ஏறத்தாழ 55 கி.மீ. அங்கிருந்து அரிச்சல்முனை இன்னொரு 20 கி.மீ. இந்த வழியில் எந்த வண்டிக்கும் சோதனை வைக்கும் இடம் இரண்டு: 1988-ல் திறந்த பாம்பன் சாலைப் பாலம், 2017-ல் திறந்த தனுஷ்கோடி–அரிச்சல்முனைச் சாலை. பாலம் 2.3 கி.மீ. நீளம், நடுவில் நல்ல உயரம், இரு பக்கமும் திறந்த கடல்.

ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும். மண்டபத்திலிருந்து பாம்பன் போகும்போது அது உங்கள் வலது பக்கம். சைடுகார் நம் ஊரில் இடது பக்கம் இருக்கும். ஆக, போகும்போது காற்று பைக்கைச் சைடுகார் மேல் சாய்க்கப் பார்க்கும். வண்டி உறுதியாக நிற்கும். திரும்பி வரும்போது அதே காற்று இடது பக்கத்திலிருந்து, சைடுகாரின் அடியிலும் முகப்பிலும் அடிக்கும். காற்று மட்டுமே அதைத் தூக்கிவிடாது. ஆனால் ஆள் இல்லாத சைடுகாரோடு, முன்னால் செல்ஃபி எடுக்க நிறுத்திய காருக்காகச் சட்டென்று வலதுக்கும், உடனே இடதுக்கும் ஹேண்டிலை ஒடித்தால் அந்த மூன்றாவது சக்கரம் ரோட்டை விட்டு எழும். வடகிழக்கிலிருந்து வாடை அடிக்கும் மாதங்களில் இது அப்படியே மாறும்: போகும்போது கவனம், வரும்போது நிம்மதி. மனைவியை ராமேஸ்வரத்தில் உறவினர் வீட்டில் இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்புகிறவர் சைடுகாரின் அடித்தட்டில் 25 முதல் 30 கிலோ மணல் மூட்டை ஒன்றைக் கட்டிக்கொள்ளட்டும். தண்ணீர் கேன் வைக்கக் கூடாது. உள்ளே தண்ணீர் அலைந்து, வளைவில் எடை இடம் மாறும்.

சைடு வீல் வண்டிக்கு இரண்டு பக்கமும் ஒரே நடத்தை, அதனால் திசை பொருட்டில்லை. எடை குறைவு என்பதுதான் அதன் கஷ்டம். 40 கி.மீ. வேகத்துக்கு மேல் பாலத்தில் போனால் முன்சக்கரம் காற்றில் தடுமாறும். ஸ்பைடர் மாதிரி வண்டிகள் 400 கிலோவுக்கு மேல் எடை, தாழ்ந்த உடம்பு, முன்னால் இரண்டு சக்கரம். காற்றில் மூன்றிலும் அதுதான் நிதானமாகப் போகும். அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

சைடுகார்: வேலை அதிகம், பலனும் அதிகம்

பொதுவாக மாட்டுவது ராயல் என்ஃபீல்டில். கிளாசிக் 350-ஐ எடுத்துக்கொண்டால் 349 சிசி, 20.2 பிஎச்பி, 27 நியூட்டன் மீட்டர் டார்க், 195 கிலோ எடை, 13 லிட்டர் டேங்க். சைடுகார் 70 முதல் 90 கிலோ வரும். மூன்று பேர், சாமான் எல்லாம் சேர்ந்தால் 500 கிலோவைத் தொடும். 60–65 கி.மீ. வேகத்தில் நாள் முழுக்க ஓடும். அதற்கு மேல் இஞ்சினை வருத்த வேண்டாம். 650 சிசி இன்டர்செப்டருக்கு 47 பிஎச்பி இருக்கிறது, ஏற்றத்திலும் ஓவர்டேக்கிலும் வித்தியாசம் தெரியும். ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். இந்தக் கரை முழுக்கச் சமதரை. ஏற்றம் என்று சொல்ல பாலத்தை விட்டால் ஒன்றுமில்லை. அந்த வித்தியாசத் தொகையை நல்ல சைடுகார் பிரேக்கிலும் சஸ்பென்ஷனிலும் போடுவதே புத்திசாலித்தனம்.

பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சைடுகார் சக்கரத்துக்குப் பிரேக் இல்லாவிட்டால், நீங்கள் பிரேக் அடிக்கும்போது பைக் நிற்கும், சைடுகார் முன்னே போகப் பார்க்கும். அது இடது பக்கம் இருப்பதால் வண்டி வலது பக்கம் திரும்பும். வலது பக்கம் என்றால் எதிரே வரும் பஸ். விலை குறைந்த சைடுகார்களில் முதலில் விடுபடுவது இந்தப் பிரேக்தான். டிஸ்க் பிரேக் வைத்ததையே வாங்குங்கள். அதை இணைக்கும்போது, பைக்கின் பின் பிரேக் ஆயில் குழாயில் டி-ஜாயின்ட் போட்டு ஒரு கிளையைச் சைடுகாருக்கு விடும் பழக்கம் பட்டறைகளில் இருக்கிறது. ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) உள்ள வண்டியில் அது தவறு. ஏபிஎஸ் கணக்குப் போட்டுவைத்த ஆயில் அளவும் அழுத்தமும் மாறிவிடும். சைடுகாருக்குத் தனி மாஸ்டர் சிலிண்டர் (பிரேக் ஆயிலை அழுத்தும் உருளை) வைத்து, கால் பெடல் இரண்டையும் சேர்த்து அமுக்கும்படி செய்ய வேண்டும்.

அடுத்தது சக்கரக் கோணம். சைடுகார் வண்டி ஓட்டக் கஷ்டம் என்று பேர் வாங்கியதற்குப் பாதிக் காரணம் இது சரியாக வைக்கப்படாததுதான். மூன்று அளவு உண்டு. சைடுகார் சக்கரம் பைக்கின் பின் அச்சுக்கு 150 முதல் 250 மி.மீ. முன்னால் இருக்க வேண்டும். சைடுகார் சக்கரத்தின் முன்பக்கம் பைக்கை நோக்கி 10 முதல் 20 மி.மீ. உள்வாங்க வேண்டும், இதை டோ-இன் என்பார்கள். ஆள் ஏறாதபோது பைக் சைடுகாருக்கு எதிர்ப்பக்கம், அதாவது வலது பக்கம், 1 முதல் 2 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். நம் ரோடுகள் ஓரத்தை நோக்கிச் சரிந்தவை. அந்தச் சரிவில் வண்டி இடதுபக்கம் இழுப்பதை இந்தச் சாய்வு ஈடுகட்டும்.

டோ-இன் அளப்பது வீட்டிலேயே முடியும். மட்டமான சிமெண்ட் தரை, இரண்டரை மீட்டர் நீளத்தில் வளைவில்லாத அலுமினிய பாக்ஸ் பைப் இரண்டு, ஒரு டேப் போதும். டயர் காற்றைச் சரிபார்த்து, வழக்கமாக ஏறும் எடையை வண்டியில் வையுங்கள். ஒரு பைப்பைப் பைக்கின் இரண்டு டயரையும் ஒட்டி, சைடுகார் இருக்கும் பக்கமாகத் தரையில் வையுங்கள். முன் டயர் ஒல்லி என்பதால் அங்கே இடைவெளி வரும். அகல வித்தியாசத்தில் பாதியளவு தடிமனுள்ள மரத்துண்டை வைத்து அடையுங்கள். இன்னொரு பைப்பைச் சைடுகார் டயரின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். முன் அச்சுக்கு நேரே இரண்டு பைப்புக்கும் உள்ள தூரத்தை அளந்து, பிறகு பின் அச்சுக்கு நேரே அளங்கள். முன்னால் 15 மி.மீ. குறைவாக இருந்தால் டோ-இன் 15. இதில் ஒன்றை மாற்றினால் மற்றது நகரும்; ஆகவே டோ-இன்னை முதலில் முடித்து, பிறகு சாய்வைத் தொட்டு, மறுபடி டோ-இன்னை அளந்து பாருங்கள். டோ-இன் அதிகமானால் பின் டயர் தேய்ந்து மைலேஜ் விழும். குறைந்தால் எந்நேரமும் இடதுபக்கம் இழுத்து, சாயங்காலம் தோள்பட்டை வலிக்கும். எதுவும் மாற்றாமலே புதிதாக இழுப்பு வந்தால் முதலில் டயர் காற்றையும் அடிக் கிளாம்ப்பையும் பாருங்கள்.

ஸ்டீயரிங் கனமாகத்தான் இருக்கும். சாதாரண பைக்கின் முன் ஃபோர்க் கோணம் சாய்ந்து திரும்புவதற்காக அமைந்தது. சைடுகார் வண்டி சாயாது, ஹேண்டிலைத் திருப்பித்தான் ஆக வேண்டும். இதற்கென்று டிரெயில் (ஸ்டீயரிங் அச்சின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் முன் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) குறைக்கும் முன் கிளாம்ப் கிடைத்தால் போடலாம். அதோடு ஸ்டீயரிங் டேம்பரும் கட்டாயம், இல்லையென்றால் 20–40 கி.மீ. வேகத்தில் ஹேண்டில் நடுங்கும். முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) ஒரு பல் குறைத்துப் போட்டால் இழுவை கூடும், கிளட்ச் தப்பிக்கும். ரிவர்ஸ் கியர் கிடையாது. திருப்புல்லாணியிலோ தேவிபட்டினத்திலோ நிறுத்தும்போது, வெளியே போகும் திசையைப் பார்த்து நிறுத்தும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வரட்டும்.

ஓட்டப் பழகுவது தனிப் பாடம். கால்பந்து மைதானம் அளவுக்குத் திறந்தவெளி வேண்டும். சைடுகாரில் மணல் மூட்டையோடு இடது வட்டம் போட்டு, சக்கரம் எழும் வேகம் எது என்று உடம்புக்குத் தெரியும் வரை மெதுவாகக் கூட்டிக்கொண்டே போங்கள். எழுந்தால் ஹேண்டிலைக் கொஞ்சம் வலதுக்கு விட்டாலே இறங்கிவிடும். பயந்து பிரேக் அடிப்பதுதான் கவிழ்க்கும். வலது திருப்பத்தில் வேகம் மீறினால் பைக்கின் பின்பக்கம் தூக்கும், அதை மீட்பது கடினம். அதனால் திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

மைலேஜ் தனி பைக்கில் 35 கொடுக்கும் வண்டி, சைடுகாரோடு 22–25-க்கு இறங்கும். 13 லிட்டருக்கு 280 கி.மீ. என்று வைத்தாலும் ராமநாதபுரம்–அரிச்சல்முனை போய்த் திரும்ப 150 கி.மீ., தாராளம்.

சைடு வீல் ஸ்கூட்டர்

110 அல்லது 125 சிசி ஸ்கூட்டர், பின்னால் 10 அங்குலச் சக்கரம் இரண்டு. கியர் இல்லை, கால் ஊன்ற வேண்டாம், தேவிபட்டினம் முதல் சாயல்குடி வரை எந்த மெக்கானிக்கும் தொடுவார். விலையிலும் பராமரிப்பிலும் இதை எதுவும் நெருங்காது. 125 சிசியை எடுங்கள். 110-ல் இரண்டு பேர், கூடுதல் சக்கரம், எதிர்க்காற்று மூன்றும் சேர்ந்தால் கியருக்குப் பதில் வேலை செய்யும் பெல்ட்டும் ரோலரும் சீக்கிரம் தேயும். கம்பெனி சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே பெல்ட்டைத் திறந்து பார்ப்பது நல்லது.

இதன் பலவீனம் நடுச்சக்கரத்தில். இஞ்சின் திருப்புவது நடுவில் உள்ள பின்சக்கரத்தை மட்டுமே. ரோடு குழிந்த இடத்தில் இரண்டு பக்கச் சக்கரமும் மேட்டில் நின்று, நடுச்சக்கரம் அந்தரத்தில் சுற்றும். அரிச்சல்முனைச் சாலையில் காற்று வாரிப்போடும் மணல் மேட்டில் இதுதான் நடக்கும். ஆக்சிலேட்டரைத் திருகினால் இன்னும் ஆழமாகத் தோண்டும். அதனால் பக்கச் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள கிட்டையே கேளுங்கள். இரண்டையும் ஒரே கம்பியில் இறுக்கிய கிட் வேண்டாம். பொருத்தியதும் சீட்டில் ஆளை உட்காரவைத்து, நடுச்சக்கரம் தரையில் நன்றாக அமுங்குகிறதா என்று குனிந்து பாருங்கள். பக்கச் சக்கரத்தில் பிரேக் இருக்கிறதா என்றும் கேளுங்கள், பெரும்பாலும் இருக்காது. மழையில் நிறுத்தும் தூரம் கூடும் என்பதை மனதில் வையுங்கள். ரிவர்ஸ் கியர் பொருத்திய கிட்டும் கிடைக்கிறது. இறங்கித் தள்ள முடியாதவருக்கு அது ஆடம்பரம் இல்லை, அவசியம்.

திருப்பத்தில் இந்த வண்டி சாயாது. இரு சக்கரம் ஓட்டிப் பழகியவர் உடம்பைச் சாய்த்துத் திருப்பப் பார்ப்பார். வண்டி நேரே போகும். இடுப்பை அசைக்காமல் கையால் திருப்பப் பழக இரண்டு மூன்று நாள் ஆகும். டேங்க் 5 லிட்டர் சொச்சம்தான். ராமேஸ்வரத்தில் நிரப்பாமல் தனுஷ்கோடிப் பக்கம் போகக் கூடாது, அங்கே பங்க் இல்லை.

இறக்குமதி வண்டி

ஸ்பைடருக்கு முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. 1330 சிசி மூன்று சிலிண்டர் ரோட்டாக்ஸ் இஞ்சின், 115 குதிரைத்திறன், கிளட்ச் இல்லாத ஆறு கியர், ரிவர்ஸ், சறுக்கினால் தானே பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும் மின்னணுக் கட்டுப்பாடு. நீண்ட பயணத்துக்கு அருமையான வண்டி, சந்தேகமில்லை. டிரை கிளைட்டில் பின்னால் இரண்டு சக்கரம். எடை 550 கிலோவைத் தாண்டும். இவற்றின் டூரிங் மாடல்கள் அமெரிக்காவிலேயே 20,000 டாலருக்கு மேல். இங்கே வந்து சேரும்போது சுங்க வரி, ஜிஎஸ்டி, சாலை வரி எல்லாம் ஏறும்.

விலையைத் தாங்குகிறவருக்கும் மூன்று தடைகள் இருக்கின்றன. ஸ்பைடரின் தரை இடைவெளி 11 செ.மீ. அளவுதான், ஊர் முகப்பில் அவரவர் போட்ட வேகத்தடையில் அடிவயிறு உரசும். அகலம் ஒன்றரை மீட்டர், சக்கரத் தடம் மூன்று. குழியை ஒதுக்கினால் நடுச்சக்கரம் விழும், நடுவை ஒதுக்கினால் ஓரச்சக்கரம் விழும். மூன்றாவதுதான் பெரிது: சென்சார் ஒன்று உப்பில் கெட்டு வண்டி வேகம் குறைந்து நின்றால், அதைக் கணினியில் மாட்டிப் பார்க்க இந்த மாவட்டத்தில் ஆள் இல்லை. லாரியில் ஏற்றி வெளியூர் போக வேண்டும். சென்னையிலோ கோவையிலோ வீடு இருந்து, வருடத்தில் இரண்டு முறை இந்தப் பக்கம் வருகிறவர் யோசிக்கலாம். கீழக்கரையிலோ மண்டபத்திலோ குடியிருந்து கடற்காற்றிலேயே நிறுத்தி வைக்கிறவருக்கு நாங்கள் இதைச் சொல்ல மாட்டோம். இன்னொன்று, ஸ்பைடரில் கைப்பிரேக் லீவர் கிடையாது, பிரேக் முழுக்க வலது காலில். வலது கால் பலவீனமானவர் இதைக் கவனிக்காமல் பணம் கட்டிவிடக் கூடாது.

ஆக்சசரி: எதைப் போடுவது, எதை விடுவது

உயரமான விண்ட்ஷீல்டைப் பார்த்தால் எல்லோருக்கும் ஆசை வரும். பாம்பன் பாலத்தில் பக்கக்காற்றுக்கு அது பாய்மரம் போல விரிந்து நிற்கும். நெஞ்சு உயரத்துக்கு மேல் போகாத சிறிய கண்ணாடி போதும். டாப் பாக்ஸும் அப்படியே: பின்னால் உயரத்தில் எடையும் காற்றும் சேர்ந்தால் முன்சக்கரம் லேசாகிவிடும். சைடுகார் இருந்தால் சாமான் அதன் அச்சுக்கு மேலே, பைக்கை ஒட்டிய பக்கம் போகட்டும். சைடு வீல் ஸ்கூட்டருக்கு இரண்டு பக்கச் சக்கரத்துக்கு மேலேயும் தாழ்வாகப் பெட்டி வைத்துக்கொள்ளலாம், எடையைச் சமமாகப் பிரித்து.

விளக்கு, சார்ஜர் வாங்குமுன் மின்சாரக் கணக்குப் போடுங்கள். 20 வாட் ஃபாக் லைட் இரண்டு, 18 வாட் போன் சார்ஜர் ஒன்று என்றால் 58 வாட், 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் அளவு. எல்லாம் எரியும்போது, இஞ்சினைச் சாதாரண ஓட்ட வேகத்துக்கு ஏற்றி, பேட்டரி முனையில் மல்டிமீட்டரை வையுங்கள். 13.5 முதல் 14.5 வோல்ட் காட்டினால் சரி. 13-க்குக் கீழே போனால் சார்ஜ் போதவில்லை, ஏதாவது ஒன்றைக் கழற்ற வேண்டும். ஃபாக் லைட்டை ரிலே, ஃபியூஸ் இல்லாமல் ஹெட்லைட் வயரில் கொக்கி போட்டு எடுக்கும் வேலையை அனுமதிக்காதீர்கள். டயருக்குக் காற்றடிக்கும் சின்ன கம்ப்ரஸர் 10 ஆம்பியர் இழுக்கும். அதற்குப் பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸோடு தனி இணைப்பு. எல்லா கனெக்டரிலும் ஈரம் புகாமல் காக்கும் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் பூசச் சொல்லுங்கள். இங்கே வயரிங் கெடுவது பெரும்பாலும் கனெக்டருக்குள் பூக்கும் பச்சைக் களிம்பால்தான்.

போல்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். துத்தநாகம் பூசிய சாதாரண போல்ட் ஒரு வாடைக் காலத்திலேயே வெள்ளை பூத்து, பிறகு துருப்பிடிக்கும். எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304-லும் கடற்கரையில் பழுப்புக் கறை வரும். 316-ல் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பைத் தாங்கும். ரேக், தடுப்புக் கம்பி, பெட்டிக்கு அதுவே நல்லது. சைடுகாரைத் தாங்கும் கிளாம்ப் போல்ட்டுக்கு மட்டும் எஸ்எஸ் வேண்டாம், அங்கே வலிமை முக்கியம்: 8.8 அல்லது 10.9 என்று தலையில் முத்திரை உள்ள ஸ்டீல் போல்ட் போட்டு, மேலே கிரீஸ் பூசி, வருடம் ஒருமுறை மாற்றிவிடுங்கள். எஸ்எஸ் போல்ட் அலுமினியத்துக்குள் போகும் இடத்தில் ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவாவிட்டால் அலுமினியம் அரித்துப் பிடித்துக்கொண்டு, கழற்றும்போது மரையோடு பிய்ந்து வரும்.

கழுவுவதற்கும் ஒரு எச்சரிக்கை. தீவிலும் கரையோரத்திலும் பல இடங்களில் போர்த் தண்ணீரே உப்பு. அதில் கழுவி வெயிலில் காயவிட்டால் உப்பை நீங்களே பூசியது போலாகும். முதல் கழுவல் எதுவானாலும், கடைசியாக ஒரு வாளி, குடிநீர்க் குழாயில் வரும் காவிரித் தண்ணீரை அடிப்பகுதியில் ஊற்றுங்கள்: ஸ்போக், சைலன்சர் கிளாம்ப், சைடுகார் அடிச்சட்டம். பிரஷர் பம்ப்பை வீல் பேரிங் பக்கம் காட்டாதீர்கள். செயினுக்கு எண்ணெய் வழிய விடும் ஸ்பிரே வேண்டாம். மணல் அதில் ஒட்டி அரைக்கும். மெழுகு வகை லூப் போட்டு, அரிச்சல்முனை போய்வந்த ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டு மறுபடி அடியுங்கள். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடினால் உள்ளே ஈரம் தங்கும். காற்றுப் புகும் துணிக்கவர்தான் சரி, அதுவும் வண்டியைத் துடைத்த பிறகு, இல்லாவிட்டால் மணலே டேங்க்கைக் கீறும்.

பஞ்சர் கிட்டும் ஹெல்மெட்டும் எல்லா வண்டிக்கும் ஒன்றுதான். சைடுகாரில் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் வேண்டும். 4 வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் சட்டம் அதைத்தான் சொல்கிறது. சைடுகாருக்கு இடுப்பு பெல்ட் வையுங்கள். குரோம் அலங்காரம், சத்தமான சைலன்சர், எல்இடி பட்டை இவற்றுக்கு இந்தக் கரையில் ஆயுள் குறைவு.

யாருக்கு எது

கணவனும் மனைவியும், கூட ஒரு பேரப்பிள்ளை, ஓட்டுகிறவருக்குக் கையிலும் தோளிலும் பலம், மாதம் ஒன்றிரண்டு நீண்ட பயணம் என்றால் 350 சைடுகார். கால் பலவீனம் இருப்பவர், தினசரி வேலைக்கும் அதே வண்டி வேண்டும் என்றால் 125 சிசி சைடு வீல். ஒரே நாளில் 100 கி.மீ.க்கு மேல் திட்டம் வைக்க வேண்டாம். கை பலமும் குறைந்து, நீண்ட தூரமும் போக வேண்டியவருக்கு இந்த மூன்றுமே பொருந்தாது. அவர் ஆட்டோமேட்டிக் சிறிய காரைப் பார்ப்பது மேல்.

முடிவு செய்தவர் வாங்கும் வரிசையையும் கவனியுங்கள். முதலில் வண்டியை மட்டும் எடுத்து ஆர்சி கைக்கு வரட்டும். 500 கி.மீ. முதல் சர்வீஸை முடித்து, பிறகு சைடுகாரோ கிட்டோ மாட்டுங்கள். அதற்குள் ஏதாவது கம்பெனிக் குறை இருந்தால் வாரண்டியில் வாதம் வராது. பில்லில் ஒவ்வொரு பாகமும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். இன்சூரன்ஸில் ஆக்சசரி மதிப்பைச் சேர்த்து எழுதாவிட்டால் அதற்கு இழப்பீடு கிடைக்காது. மாட்டிய அன்று ஒவ்வொரு கிளாம்ப் நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். 50, 200, 500 கி.மீ.யில் குனிந்து பார்த்தால் போதும். கோடு விலகியிருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது, டார்க் ரெஞ்ச்சால் மறுபடி இறுக்கிப் புதுக் கோடு போடுங்கள். 500-க்குப் பிறகும் அதே இடத்தில் கோடு விலகினால் இறுக்கிக்கொண்டே இருக்காதீர்கள். கிளாம்ப்பைக் கழற்றி, உள்ளே குழாய் நசுங்கியிருக்கிறதா, கிளாம்ப் அளவு பொருந்துகிறதா என்று பாருங்கள்.